கடைசி அளவு பிஸ்டன்

ஓடாத வண்டிக்கு இங்கே இடம் கிடையாது என்று குடியிருப்புச் செயலாளர் அவளிடம் சொன்னபோது, அந்த ஸ்கூட்டரின் எஞ்சின் மூன்றாவது மாடி பால்கனியில் ஒரு பழைய ட்ரேயின் மேல் பிரித்துப் போட்டுக் கிடந்தது. மிச்ச உடம்பு கீழே மாடிப்படிக்குப் பக்கத்தில் கிழிந்த போர்வை போர்த்திக்கொண்டு நின்றது.

"மாசக் கடைசி வரைக்கும் பார்ப்பேன்மா. அதுக்குள்ள ஓடிச்சுன்னா வண்டி. இல்லன்னா இரும்பு. இரும்பை வைக்க நமக்கு இடம் இல்ல" என்றார் செயலாளர். நல்ல மனிதர்தான். ஆனால் விதி என்று ஒன்றைக் கையில் பிடித்துவிட்டால் விடமாட்டார்.

அவளுக்கு வேலை பல் செட் செய்யும் கூடத்தில். மெழுகில் ஈறு செதுக்குவது, பல் அடுக்குவது, மேல் வரிசையும் கீழ் வரிசையும் ஒன்றோடொன்று உட்காருகிறதா என்று பார்ப்பது. மயிரிழை தூக்கினாலும் போட்டுக்கொள்பவருக்கு வாய் புண்ணாகிவிடும். அந்தக் கண்தான் அவளை இந்த ஸ்கூட்டரிடம் கொண்டுவந்து சேர்த்தது. காலி செய்துகொண்டு போன பக்கத்து வீட்டுக்காரர், எடைக்குப் போடுவதற்கு முன்னால், "உனக்கு வேணுமா?" என்று கேட்டார். அவள் பிறப்பதற்கு முன்பே செய்த வண்டி. வேண்டும் என்று அவள் சொன்னது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

கணவர் தபால் பிரிக்கும் அலுவலகத்தில் இருந்தார். எதற்கும் பதறாதவர். பால்கனியில் துணி காயப்போட இடமில்லாமல் போனபோதுகூட, "சட்டையில கொஞ்சம் ஆயில் வாசம் வருது, பரவாயில்ல, ஆபீஸ்ல எல்லாரும் நான் ஏதோ பெரிய வேலை பாக்குறேன்னு நினைச்சுக்கிறாங்க" என்றதோடு சரி.

பதறுவதற்கு அவள் அண்ணன் இருந்தான். சோபா தைக்கிறவன். நாற்பதைத் தாண்டிய தங்கையை இன்னும் 'பாப்பா' என்றுதான் கூப்பிடுவான். யாருக்காவது உதவி செய்யாவிட்டால் அவனுக்குச் சாப்பாடு இறங்காது. கேட்டால் செய்வான். கேட்காவிட்டால் இன்னும் வேகமாகச் செய்வான்.

எஞ்சினில் கெட்டுப்போயிருந்தது பிஸ்டன். உள்ளே தேய்ந்து, தடதடவென்று ஆடிக்கொண்டிருந்தது. அது ஓடும் சிலிண்டரும் கொஞ்சம் தேய்ந்திருந்தது. அதை லேத்தில் கொடுத்து லேசாகக் கடைந்து, அந்த அளவுக்கு ஒரு பெரிய பிஸ்டன் போட வேண்டும். முதல் ஓவர்சைஸ், இரண்டாவது, மூன்றாவது என்று பிஸ்டன் படிப்படியாக வரும். ஒவ்வொரு படிக்கும் சிலிண்டரின் சுவர் மெலியும். கடைந்ததைத் திரும்ப ஒட்ட முடியாது. அதனால் பிஸ்டனை முதலில் கையில் வாங்கி, அதை அளந்து, அதற்கு ஏற்றபடிதான் சிலிண்டரைக் கடைய வேண்டும். அளவெடுக்காமல் யாராவது பல் செட் செய்வார்களா?

இதை அவள் அண்ணனிடம் சொல்லியிருந்தாள். ஒரு தடவை அல்ல.

அந்த மாடலுக்கு பிஸ்டன் கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்தது. கடை கடையாக ஏறி இறங்கினாள். "அந்த வண்டியா? இன்னுமா வச்சிருக்கீங்க?" என்று சிரித்தார்கள். கடைசியில் சைக்கிள் டயர் விற்கும் சந்தில் ஒரு பழைய ஸ்பேர் பார்ட்ஸ் கடை. கடைக்காரர் பின்னால் போய், தும்மிக்கொண்டே ஒரு டப்பாவை எடுத்து வந்தார். எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிய பிஸ்டன், கம்பெனியில் செய்தது, முதல் ஓவர்சைஸ். அவள் விரலால் தடவிப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை.

"இதை யாருக்கும் குடுத்துடாதீங்க. சிலிண்டரோட வந்து ஒருதடவை வச்சுப் பாத்துட்டு வாங்கிக்கிறேன்."

"யாரும் கேக்க மாட்டாங்க, கவலைப்படாதீங்க" என்றார் கடைக்காரர்.

சந்தோஷத்தில் அங்கே நின்றபடியே அண்ணனுக்குப் போன் செய்தாள். "அண்ணே, பிஸ்டன் கிடைச்சிருச்சு!" அவள் செய்த தப்பு அது ஒன்றுதான்.

மறுநாள் மாலை வேலை முடிந்து வந்து பால்கனிக் கதவைத் திறந்தபோது ட்ரேயில் சிலிண்டர் இல்லை. துணிக்கூடைக்குப் பின்னால் பார்த்தாள். செடித்தொட்டிக்குப் பின்னால் பார்த்தாள். கணவரைக் கேட்டபோது அவர், "மச்சான் வந்தாரு, உனக்கு ஏதோ சர்ப்ரைஸ்னு எடுத்துட்டுப் போனாரு" என்றார்.

அவள் திரும்பப் போய் இன்னொரு தடவை ட்ரேயைப் பார்த்தாள்.

அண்ணன் வாசல் மணியை அடிக்காமலே உள்ளே வந்தான். முகமெல்லாம் சிரிப்பு. செய்தித்தாளில் சுற்றியிருந்ததைக் குழந்தையைப் போல மேசையில் வைத்துப் பிரித்தான். சிலிண்டர் உள்ளே கண்ணாடியைப் போல மின்னியது.

"எப்படி இருக்கு? நம்ம லேத்துக்காரர் கையாலேயே போட்டுக் குடுத்தாரு. நீ அலைய வேணாம்னு நானே போயிட்டேன்."

"எந்த சைஸ்ணே போட்டாரு?"

"கடைசி சைஸ்! அதுக்கு மேல போடவே முடியாதாம். பெரிய பிஸ்டன்னா பெரிய இழுவைதானே பாப்பா? மேடெல்லாம் பறக்கும்."

அவள் சிலிண்டருக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். "பிஸ்டன் இல்லாம எப்படிணே கடைஞ்சாரு?"

"அவரும் கேட்டாரு. பிஸ்டன் வாங்கியாச்சு, வீட்ல பத்திரமா இருக்குன்னு சொன்னேன். நீதானே கிடைச்சிருச்சுன்னு சொன்ன?"

"நான் பாத்து வச்சது முதல் சைஸ்ணே. இதுல போட்டா கிணத்துக்குள்ள வாளி மாதிரி ஆடும்."

அண்ணனின் சிரிப்பு அப்படியே நின்றது. பிறகு மெதுவாகத் திரும்ப வந்தது. "அதனால என்ன, பெரிய பிஸ்டனா ஒண்ணு வாங்கிட்டாப் போச்சு."

அவளுக்கு அவனைத் திட்ட வேண்டும் போலிருந்தது. ஆனால் என்ன சொல்லித் திட்டுவது? வேலையை விட்டுவிட்டு, பஸ் ஏறி, அந்தக் கனத்தைத் தூக்கிக்கொண்டு போய், காத்திருந்து வாங்கி வந்திருக்கிறான். கெடுதல் நினைத்துச் செய்தவனை ஒரு வார்த்தையில் முடித்துவிடலாம். நல்லது நினைத்துச் செய்கிறவனை என்ன செய்வது? பல்லைக் கடித்துக்கொண்டு காபி போட்டுக் கொடுத்தாள். அவன் இரண்டாவது டம்ளரும் கேட்டான்.

கடைசி அளவு பிஸ்டனைத் தேடி மறுபடியும் அலைச்சல் ஆரம்பித்தது. இந்தத் தடவை அண்ணனும் கூட வந்தான். கடைக்காரர்கள் பிஸ்டனை எடுத்து அவன் கையில்தான் கொடுத்தார்கள். அவன் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "நல்ல கனம்" என்பான். கனத்தை வைத்து அவனுக்கு என்ன தெரியும் என்று அவளுக்குத் தெரியாது. அவனுக்கும் தெரியாது.

முதலில் கிடைத்தது வேறு ஒரு மாடலின் பிஸ்டன். சுற்றளவு சரியாக இருந்தது. உள்ளே வழுக்கிக்கொண்டு போனது. அண்ணன் கை தட்டினான். அவளுக்கு ஏனோ மனசு ஒப்பவில்லை. கூடத்திலிருந்து கொண்டுவந்த மெழுகுத் தகட்டில் ஒரு துண்டைக் கிள்ளி பிஸ்டனின் தலையில் ஒட்டினாள். மேல்மூடியைப் பொருத்தி, எஞ்சினைக் கையால் ஒரு சுற்று சுற்றி, திரும்பக் கழற்றினாள். மெழுகு நசுங்கி, ஓரத்தில் பிஸ்டனின் உலோகமே தெரிந்தது. அந்தப் பிஸ்டனில், அதைக் குறுக்கே கோத்துப் பிடிக்கும் பின்னுக்கான ஓட்டை கொஞ்சம் கீழே இருந்ததால் தலை அதிகமாக மேலே ஏறி, மூடியில் இடிக்கிறது.

"மேலே கொஞ்சம் ராவிட்டா?" என்றான் அண்ணன்.

"உன் தலையை ராவட்டுமா?"

அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இன்னொரு கடைக்குப் போனார்கள். அங்கே கடைசி அளவில் புதுப் பிஸ்டன் ஒன்று இருந்தது. பளபளவென்று, அட்டைப்பெட்டியில் எந்தப் பெயரும் இல்லாமல். யாரோ எங்கேயோ பார்த்துச் செய்த நகல். சுற்றளவு சரி, பின் ஓட்டை சரி, வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பொருத்திப் பார்த்தபோது மெழுகும் போதுமான கனத்தோடு நின்றது. பழைய பிஸ்டனைப் பக்கத்தில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தபோதுதான் அவள் கண்ணில் பட்டது.

இந்த மாதிரி எஞ்சினில் வால்வு கிடையாது. சிலிண்டர் சுவரிலேயே ஜன்னல் மாதிரி ஓட்டைகள் இருக்கும். பிஸ்டன் ஏறி இறங்கும்போது அதுவே அந்த ஜன்னல்களைத் திறந்து மூடும். பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்கின் இரண்டு முனைகளும் சேரும் இடம் எந்த ஜன்னலுக்கும் நேராக வந்துவிடக் கூடாது. வந்தால் முனை வெளியே நீட்டி மாட்டிக்கொள்ளும். அதற்காகத்தான் ரிங் உட்காரும் பள்ளத்தில், அது சுற்றாமலிருக்க, ஒரு குட்டி முளை வைத்திருப்பார்கள். நகலில் அந்த முளை இடம் மாறியிருந்தது. வைத்துப் பார்த்தால், ஜன்னலின் விளிம்புக்கு மிகவும் பக்கத்தில்.

கடைக்குத் திரும்பிப் போய், "இது சரியில்ல" என்றாள்.

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுக்கா. நிறைய வித்துருக்கோம். ஒருத்தரும் திரும்பி வரல" என்றார் கடைக்காரர்.

திரும்பி வர அவர்கள் இருந்தார்களா என்று கேட்க நினைத்தாள்.

லேத்துக்காரரிடம் போய் நின்றாள். சிலிண்டருக்குள் ஸ்லீவ் என்கிற புது இரும்பு உறையை இறக்கி, பழையபடி சின்னதாக்கலாம் என்றார் அவர். "ஆனா ஸ்லீவ் வரவழைக்கணும். கையில வேற வேலை நிறைய கிடக்கு. அடுத்த மாசம்தான்மா ஆகும்." அடுத்த மாதம் என்றால் வண்டி இரும்புக் கடையில் இருக்கும். செயலாளர் ஏற்கெனவே ஒரு நாள் போர்வையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, எதுவும் சொல்லாமல் திரும்ப மூடிவிட்டுப் போயிருந்தார். சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை.

அன்று இரவு சாப்பிடும்போது கணவர் கேட்டார். "உன் கூடத்துல இப்படி ஒண்ணு வந்தா என்ன பண்ணுவ?"

"திருப்பி முதல்ல இருந்து செய்வேன்."

"அப்புறம்?"

"அங்க யாரும் மாசக் கடைசிக்குள்ள ஓடணும்னு சொல்றதில்லைங்க!" தட்டை நகர்த்திவிட்டு எழுந்துவிட்டாள்.

நகலை வாங்கிப் பொருத்தினாள். கண்ணால் பார்த்ததைப் பார்க்காத மாதிரி வைத்துக்கொண்டு பொருத்தினாள். எஞ்சினைக் கணவரும் அண்ணனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மாடிப்படியில் இறக்கினார்கள். ஒவ்வொரு படியிலும் அண்ணன், "மெதுவா மாப்பிள்ளை, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே, தான் வேகமாக இறங்கினான்.

ஞாயிற்றுக்கிழமை காலை. கிக்கரை உதைத்தாள். ஒன்றுமில்லை. மறுபடி, மறுபடி. கால் வலிக்க ஆரம்பித்த நேரத்தில் எஞ்சின் இருமி, புகை கக்கி, படபடவென்று பிடித்துக்கொண்டது. அண்ணன் குதித்தான். மாடியிலிருந்து குழந்தைகள் கத்தினார்கள். செயலாளர் செய்தித்தாளை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு வந்து பார்த்து, தலையை ஆட்டினார். அவளும் சிரித்தாள். ஒருவேளை ஒன்றும் ஆகாதோ? கடைக்காரர் சொன்னது சரிதானோ? கியர் போட்டு வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கினாள்.

சலவைக்கடையைத் தாண்டி, முனையில் திரும்பி, சற்று மேடான தெருவில் ஏறும்போது எஞ்சினுக்குள் 'டிக்' என்று ஒரு சத்தம். அடுத்து, தகரத்தை ஆணியால் கிழிப்பது போல ஒரு கிறீச்சல். பின்சக்கரம் அப்படியே நின்றுவிட்டது. வண்டி பக்கவாட்டில் இழுத்தது. எப்படியோ கிளட்ச்சைப் பிடித்துவிட்டாள். செருப்பு தேய, முடிவெட்டும் கடையின் வாசல்படியை உரசிக்கொண்டு நின்றாள். உள்ளே பாதி முடிவெட்டிய ஒருவர் வெள்ளைத் துணியோடு எழுந்து எட்டிப் பார்த்தார்.

பின்னாலேயே ஓடி வந்த அண்ணன் மூச்சிரைக்க நின்றான். "பெட்ரோல் தீர்ந்துருக்கும் பாப்பா. நான் போய் வாங்கிட்டு வரட்டுமா?"

அவ்வளவுதான். இத்தனை நாள் அடக்கி வைத்திருந்ததெல்லாம் நடுத்தெருவில் கொட்டியது.

"நீ ஒண்ணும் வாங்கிட்டு வர வேணாம்! நீ ஒண்ணுமே செய்ய வேணாம்ணே! யாரு உன்னைக் கேட்டா? யாரு சிலிண்டரை எடுத்துட்டுப் போகச் சொன்னா? நான் கடை கடையா அலைஞ்சு, தடவிப் பாத்து, இதுதான்னு எடுத்து வச்சேன். ஒரே நாள்ல எல்லாத்தையும் வழிச்சுட்டு வந்து நிக்கிற, அதுக்கு நான் காபி வேற போட்டுக் குடுத்தேன்! உனக்கு உதவி பண்ணணும்னா உன் வீட்ல போய்ப் பண்ணு!"

அண்ணன் முகம் அப்படிச் சின்னதாகி அவள் பார்த்ததே இல்லை. ஹேண்டிலைப் பிடித்தான். கியரைத் தட்டி விட்டு, வண்டியைத் திருப்பி, தள்ள ஆரம்பித்தான். வீடு வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. வண்டியை மாடிப்படிக்குப் பக்கத்தில் நிறுத்தி, போர்வையை இழுத்து மூடிவிட்டு, மாடிக்கு வராமலே போய்விட்டான்.

அவள் எஞ்சினைக் கீழேயே உட்கார்ந்து பிரித்தாள். ரிங்கின் ஒரு முனை உடைந்து போயிருந்தது. சிலிண்டரில், ஜன்னல் விளிம்பிலிருந்து மேலே, நகம் மாட்டும் அளவுக்கு ஆழமான கீறல். எங்கே உடையும் என்று நினைத்தாளோ அங்கேயேதான் உடைந்திருந்தது. யார் மேல் கோபப்படுவது? கடைக்காரர் மேலா, அண்ணன் மேலா? முளையைப் பார்த்தது அவள் கண், பொருத்தியது அவள் கை.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. செயலாளர்.

"மாசக் கடைசிக்கு இன்னும் நாள் இருக்கு சார்" என்றாள் தலையைத் தூக்காமல்.

"எதுக்கு? ஓடிச்சே. நானே பாத்தேனேம்மா. ஓடுற வண்டி ரிப்பேர் ஆகறது சகஜம். ரிப்பேருக்கு எவ்வளவு நாள்னு விதியில ஒண்ணும் இல்ல. மெதுவாப் பாருங்க."

அவள் ஸ்பேனரோடு அவரை நிமிர்ந்து பார்த்தாள். "ஒரு தடவை ஸ்டார்ட் ஆகி வாசலைத் தாண்டினா போதுமா சார்?"

"போதுமே."

அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அந்தத் தேய்ந்த பழைய பிஸ்டனைப் போட்டு உதைத்திருந்தாலே வாசல் வரைக்கும் தடதடவென்று போயிருக்கும். இதை யாரும் முதலிலேயே சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அண்ணன் வரவில்லை. போன் செய்தால் எடுக்கவில்லை. வீடு அமைதியாக இருந்தது. அந்த அமைதி அவளுக்கு எரிச்சலாக இருந்தது. "நல்லாத்தானே இருக்கு, சத்தமே இல்ல" என்றார் கணவர். அவள் முறைத்ததும், "போய்க் கூட்டிட்டு வா" என்றார்.

முதலில் டயர்ச் சந்துக்குப் போனாள். எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிய அந்தப் பிஸ்டன் அதே டப்பாவில் இருந்தது. "சொன்னேனே, யாரும் கேக்க மாட்டாங்கன்னு" என்றார் கடைக்காரர். அதை வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டு, சிலிண்டரை இன்னொரு பையில் சுமந்துகொண்டு, லேத்துக்காரரிடம் போனாள். பட்டறை வாசலிலேயே அண்ணனின் குரல் கேட்டது.

"கீறல் விழுந்துருச்சுன்னு மாப்பிள்ளை சொன்னாரு சார். என் தங்கச்சி ரொம்ப மனசு உடைஞ்சு போயிருக்கா. எப்படியாவது ஒரு ஸ்லீவ் வரவழைச்சு வச்சிருங்க. சைஸா? நடுவாந்தரமா ஒண்ணு வச்சிருங்களேன்."

அவள் உள்ளே போய் நின்றாள். அண்ணன் திரும்பிப் பார்த்து ஓரடி பின்னால் நகர்ந்தான். லேத்துக்காரர் அவளைப் பார்த்ததும் கைகளை விரித்தார். "இவரு காலையில இருந்து உயிரை எடுக்குறாரும்மா. பிஸ்டன் கண்ணுல படாம இனிமே எதையும் தொட மாட்டேன்னு சொல்லிட்டேன். நடுவாந்தரமா வேணுமாம்!"

மறுபடியும் அதே வேலை. மறுபடியும் கேட்காமல், மறுபடியும் அளவில்லாமல். அவளுக்குக் கத்த வேண்டும் போலத்தான் இருந்தது. ஆனால் வாயிலிருந்து வந்தது ஒரு சிரிப்பு, அடக்க முடியாத, கோபம் தீராத சிரிப்பு. "நடுவாந்தரமாணே?"

"பெரிசு வச்சுத்தான் கெட்டுப்போச்சு, அதான்..." என்று இழுத்தான்.

"இங்க வந்து நில்லு. பாரு. ஆனா பேசக் கூடாது."

"பேசல."

"ஐடியா எதுவும் சொல்லக் கூடாது."

"சொல்லல பாப்பா."

லேத்துக்காரர் பிஸ்டனைத் துடைத்து, கீழ்ப்பக்கத்திலும் நடுவிலும் மேலேயும் மைக்ரோமீட்டரில் அளந்தார். அவள் கேட்டு, இன்னொரு தடவையும் அளந்தார். முளை எந்தப் பக்கம், ஜன்னல் எந்தப் பக்கம் என்று அவள் கீறல் விழுந்த சிலிண்டரில் வைத்துக் காட்டினாள். இந்தத் தடவை ரிங்கின் முனை நல்ல சுவரில், ஜன்னலிலிருந்து தள்ளி உட்கார்ந்தது. அண்ணன் வாயை நாலைந்து தடவை திறந்து திறந்து மூடினான். ஒரு கட்டத்தில் தாங்க முடியாமல் வெளியே போய் நின்றுவிட்டு வந்தான்.

ஸ்லீவ் வர, சொன்னதைவிட அதிக நாள் ஆனது. வந்ததும் லேத்துக்காரருக்குக் காய்ச்சல். காய்ச்சல் விட்டதும் பட்டறையில் கரண்ட் இல்லை. அவள் தினமும் போன் செய்து, தினமும் அதே பதிலைக் கேட்டாள். ஒரு வழியாகச் சிலிண்டர் கைக்கு வந்தபோது, பிஸ்டன் அதற்குள் தன் கனத்தில் மெதுவாக, நிற்காமல், தட்டாமல் இறங்கியது. நன்றாக உட்கார்ந்த பல் செட்டை முதன்முதலில் வாயில் வைத்தவர்கள் நாக்கால் அதைத் தடவிப் பார்ப்பார்கள். அவளும் சிலிண்டரின் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தாள்.

வண்டி இரண்டாவது உதையில் கிளம்பியது. ஆனால் அதோடு முடியவில்லை. புதுப் பிஸ்டனும் புதுச் சுவரும் ஒன்றுக்கொன்று பழகும்வரை வேகம் கூடாது, மேடு ஏற்றக் கூடாது, பின்னால் ஆள் கூடாது, கொஞ்ச தூரம் போனதும் நிறுத்தி ஆறவிட வேண்டும் என்று லேத்துக்காரர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

முதல் நாள் அவள் வேலைக்கு வண்டியில் போனாள். பின்னால் பஸ் ஹாரன் அடித்தது. சைக்கிள்கள் அவளைத் தாண்டின. காய்கறிப் பையோடு நடந்து போன ஓர் அம்மா அவளோடு சமமாக வந்து, பிறகு முந்திப் போனார். கைப்பிடியைக் கொஞ்சம் முறுக்கினால் போதும் என்று கை துடித்தது. முறுக்கவில்லை.

நடைபாதையில் அண்ணன் கூடவே நடந்து வந்துகொண்டிருந்தான். அவன் கடையும் அந்த வழிதான்.

"இன்னும் எத்தனை நாளைக்குப் பாப்பா இப்படி?"

"பேசாம வாண்ணே."

"இல்ல, லேசா ஒரு முறுக்கு முறுக்கினா..."

"அண்ணே!"

அவன் உதட்டை மடித்துக்கொண்டு நடந்தான். சிக்னலில் அவள் நிற்க வேண்டியிருந்தது. அவன் தெருவைக் கடந்து, அந்தப் பக்கத்தில் நின்று, அவளுக்காகக் காத்திருந்தான்.